அறுபத்து நாலு துண்டாக ஒரு கண்டம்

அறையில் இருந்தவர்கள்: பெரியவர், அதாவது ஆய்வுக்கூடத்தின் தலைவர்; ஐம்பத்தைந்து வயதுதான், ஆனாலும் அவர் காதில் விழாதபடி எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சுத்தியல், பாறைக்காரி, மலைமலையாக ஏறிக் கல்லுடைத்துக் கொண்டுவருகிறவள். கட்டம், நிரல் எழுதுகிறவன். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கணினிக்குக் கொடுப்பது அவன் பிழைப்பு. கப்பல்காரர், கடலடியில் துளை போடும் கப்பலை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும் குழுவிலிருந்து வந்தவர். கடைசி நாற்காலியில் டீச்சர். மேஜைக்கடியில், டீச்சரின் மடியில், ஒரு கைப்பேசி. அதையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அறையில் டீச்சர் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

காலையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், பிள்ளை கொஞ்சம் தலையெடுத்ததும் வேலையை உதறிவிட்டு, கூடப் படித்தவர்கள் தலைக்கு மை பூச ஆரம்பித்த வயதில், முனைவர் பட்டத்துக்கு என்று இங்கே வந்து சேர்ந்தாள். வந்த அன்றே யாரோ டீச்சர் என்று கூப்பிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று காலை அவள் கிளம்பும்போது நாத்தனார் தையல் மிஷினில் ஒரு பேண்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது உடையுமா உன் நிலம்?"

"அது போன வருஷமே உடைஞ்சுபோச்சு அண்ணி. இன்னிக்கு அதைக் காட்டப் போறேன்."

"நாலு வருஷம் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒரே ஒரு நிலத்தை உடைச்சிருக்க. என் தம்பி தினம் ஒரு டம்ளர் உடைக்கிறான். அவனுக்கு யாரும் பட்டம் குடுக்கல."

"அக்கா, அது வழுக்கற டம்ளர்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. டீச்சரின் கணவன் மருந்துக்கடைக்குப் போகுமுன் பாத்திரம் கழுவுகிறவன். இந்த நாலு வருஷமாக அது அவன் வேலை. அவன் முனகியதில்லை. அதுவே டீச்சருக்குப் பாரம். முனகினால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம்.

அவள் உடைத்த நிலத்தின் கதை இதுதான். ஒரு கண்டம் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. விரல் நகம் வளர்கிற வேகம். இழுக்க இழுக்க நடுவில் மெலிகிறது, அடியிலிருந்து சூடு ஏறுகிறது, கடைசியில் பிளந்து நடுவே கடல் புகுகிறது. எங்கே பிளக்கும்? பழைய தழும்பில் பிளக்கும் என்பது எல்லோரும் சொல்வது. என்றைக்கோ இரண்டு நிலங்கள் முட்டி ஒட்டிக்கொண்ட இடம் தழும்பாக இருக்கும், பலவீனம் அங்கேதான், இழுத்தால் அங்கேதான் கிழியும். டீச்சரின் கணினி மட்டும் வேறு மாதிரி சொன்னது. தழும்பில் மெலிய ஆரம்பித்த நிலம், பாதியில் மனசு மாறினதுபோல் கிழக்கே தள்ளிப்போய், தழும்பே இல்லாத கெட்டிப் பாறையில் பிளந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக.

பெரியவர் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுத்தியல் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். பத்து வருஷமாக அவள் கரையோர மலைகளில் பொறுக்கிய கற்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன, கேட்க ஆளில்லை. தழும்பிலிருந்து தள்ளிக் கடலடியில் ஓர் இடத்தில் துளை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கப்பல் வேண்டும். கப்பலுக்கு வரிசை. கற்களை மட்டும் காட்டியபோது குழு உதட்டைப் பிதுக்கியது. டீச்சரின் படத்தையும் சேர்த்துக் காட்டியதும்தான் கப்பல்காரர் நேரில் வருகிறேன் என்றார். வேறொரு குழுவும் காத்திருந்தது, தழும்பிலேயே துளை போடவேண்டும் என்று. இந்த இரண்டில் எது என்பது அன்றைக்கு முடிவாகும். அது முடிவானால் டீச்சரின் பட்டமும் முடிவானமாதிரி.

இதில் டீச்சர் ஓர் ஆசைப்பட்டாள். பழைய படம் குதித்துக் குதித்து ஓடியது. கப்பல்காரருக்குக் காட்ட வழவழவென்று ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று, முந்தின நாள் அதே கணக்கை மறுபடி ஓடவிட்டாள். எல்லாம் அதே எண்கள், அதே பாறை, அதே இழுப்பு. ஒன்றுதான் வித்தியாசம். இயந்திர அறையில் ஒரு வரிசைக் கணினிகள் பழுதுபார்ப்பதற்காக அணைக்கப்பட்டுக் கிடந்தன. அதனால் அறுபத்து நாலு துண்டாகப் பிரிந்து ஓடவேண்டிய கணக்கு நாற்பத்தெட்டு துண்டாக ஓடியது.

காலையில் வந்து முதல் படங்களைத் திறந்தாள். கையிலிருந்த டீயை வைக்க இடம் தேடி, விசைப்பலகை மேலேயே வைக்கப் பார்த்தாள்.

நிலம் தழும்பில் மெலிய ஆரம்பித்திருந்தது. சரி. பிறகு மனசு மாறியிருந்தது. அதுவும் சரி. ஆனால் நகர்ந்தது மேற்கே.

கட்டத்தைக் கேன்டீனில் பிடித்தாள். அவன் தட்டுக்கு மேல் குனிந்து கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்காம பதில் சொல்லு. நிலத்தை நீ எப்படி வெட்டற?"

"என்ன டீச்சர் காலங்காத்தால? ரொட்டி வெட்டற மாதிரிதான். மொத்த நிலம் ஒரு மிஷினுக்குத் தாங்காது. துண்டு போட்டு, ஆளுக்கு ஒண்ணா குடுத்துடறோம். ஒவ்வொரு அடியிலயும் பக்கத்துத் துண்டுக்காரன்கிட்ட, என் ஓரத்துல இவ்வளவு சூடு, இவ்வளவு வேகம்னு சொல்லிக்கணும். சொல்லிக்கிட்டா ஒரே நிலம் மாதிரி ஓடும்."

"சூடு, வேகம். அப்புறம்?"

"அப்புறம் அழுத்தம்."

"அடிபட்ட கணக்கு?"

கட்டம் நிமிர்ந்தான். பாறை இழுபடும்போது உள்ளுக்குள் நொறுங்கும்; எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைக் கணினி நினைவு வைத்திருக்கும்; நிறைய அடிபட்ட பாறை இன்னும் சுலபமாகக் கிழியும். அந்த நினைவைத்தான் அவள் கேட்டாள்.

"அதையும் சொல்லிக்கும்" என்றான். பிறகு, "சொல்லிக்கணும்" என்றான். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

அவன் அறையில் போய் நிரலைத் திறந்தார்கள். அவன் திரையை மேலும் கீழும் உருட்டினான். டீச்சர் பின்னால் நின்று அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரி வேர்த்தது. வேறெதுவும் அவளுக்குத் தெரியவேண்டியிருக்கவில்லை.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதை மாத்தி எழுதினேன்" என்றான் திரும்பாமல். "வேகமா ஓடணும்னு பெரியவர் பிடுங்கி எடுத்தாரு. அப்ப விட்டுட்டேன் போல. டீச்சர், சத்தியமா நான்..."

"விட்டா என்ன ஆகும்?"

"வெட்டின ஓரத்துல மட்டும் பாறைக்குக் கணக்கு தப்பும். இருக்கறதைவிடக் கொஞ்சம் நொந்துபோன மாதிரி காட்டும். ரொம்பக் கொஞ்சம். சும்மா கிடந்தா தெரியாது. இழுத்தா..."

"இழுக்கறதுதானே நம்ம வேலை."

அறுபத்து நாலாக வெட்டினால் சூட்டுக்குப் பக்கத்தில் வருகிற வெட்டு தழும்புக்குக் கிழக்கே விழுகிறது. நாற்பத்தெட்டாக வெட்டினால் மேற்கே. கட்டம் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினான். போட்டபின் தாளைக் கசக்கினான்.

"இன்னும் உடையல டீச்சர். இப்ப மெலிஞ்சுதான் இருக்கு. சில சமயம் மெலிஞ்ச இடத்தை விட்டுட்டுத் திரும்ப வரும். கிழக்க போய் உடைஞ்சாலும் உடையும். மதியத்துக்குமேல தெரிஞ்சுடும்."

"மீட்டிங் மதியம்."

"தெரியும்."

"பெரியவர்கிட்ட சொல்லலாமா?"

"உடையட்டும்" என்றான். அவன் சொன்னதில் எந்தப் பக்கம் என்று இல்லை.

டீச்சர் சொல்லவில்லை. சந்தேகத்தைப் போய் எப்படிச் சொல்வது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். நிச்சயமாகத் தெரிந்தபின் சொல்லலாம். அது பொய்யில்லை. கைப்பேசியில் ஓட்டத்தைப் பார்க்க வழி செய்துகொண்டாள். சின்னத் திரையில் ஒரு பட்டை நிலம். நீலம் குளிர்ந்த பாறை, சிவப்பு சூடு. நிமிஷத்துக்கு ஒரு தரம் படம் மாறும். ஒவ்வொரு தரமும் சிவப்பு ஒரு மயிரிழை மேலே ஏறியிருக்கும். மேற்கே.

திரும்பு என்று அதனிடம் கேட்டுக்கொண்டாள். வகுப்பில் பரீட்சைத் தாளைத் தப்பாக எழுதுகிற பிள்ளையின் பின்னால் நின்று, அழி, அழித்துவிட்டு எழுது என்று மனசுக்குள் சொல்வாளே, அந்த மாதிரி. பிள்ளைகள் ஒருநாளும் அழித்ததில்லை.

இப்படித்தான் அந்த அறைக்குள் போனாள்.

பெரியவர் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். அன்று இன்னும் நீட்டினார். கப்பல்காரர் நல்ல மனுஷர், தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார். சுத்தியல் தன் கற்களை மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொரு கல்லையும் அறிமுகப்படுத்தினாள், பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொந்தக்காரர்களைக் காட்டுவதுபோல.

"இவரு கொஞ்சம் முரடு. ஆனா பொய் சொல்லமாட்டாரு."

கப்பல்காரர் சிரித்தார். சுத்தியல் டீச்சரைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை டீச்சர் பார்த்ததில்லை. மடியில் சிவப்பு மேலேறிக்கொண்டிருந்தது.

"இப்ப டீச்சர் காட்டுவாங்க" என்றார் பெரியவர்.

டீச்சர் கைப்பேசியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து பழைய படத்தை ஓடவிட்டாள், குதித்துக் குதித்து ஓடும் படத்தை. என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ஒரு வருஷமாகச் சொன்னதையே சொல்லியிருப்பாள். நாக்குக்குத் தெரியும். சுவரில் நிலம் மெலிந்து, கிழக்கே நகர்ந்து, பிளந்தது. கடல் புகுந்தது. அழகாகத்தான் இருந்தது.

"அம்மா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் விவகாரம் அவ்வளவா தெரியாது" என்றார் கப்பல்காரர். "நேரா கேக்கறேன். இது எவ்வளவு உறுதி? கிழக்க போய்த்தான் உடையும்னு நீங்க சொல்றதை நம்பி நான் கப்பலை அனுப்பலாமா?"

டீச்சர் மேஜையோரம் வந்து கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள்.

மேற்கே, கட்டம் தாளில் கோடு போட்ட அதே இடத்தில், நீலம் அறுந்து சிவப்பு உச்சிவரை வந்துவிட்டது; நிலம் உடைந்திருந்தது.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார். இதோ வரேன்."

கதவைத் தாண்டும்போது கட்டம் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றாள். குடிக்கவில்லை. சுத்தியல் பின்னாலேயே வந்தாள்.

"என்னடி ஆச்சு? முகமெல்லாம் வெளிறிப்போச்சு. உக்காரு முதல்ல."

"சுத்தி, படம் தப்பு."

"எந்தப் படம்?"

"நிலம் கிழக்க போய் உடையல. நாங்க துண்டு போட்ட இடத்துல உடைஞ்சிருக்கு. வேற மாதிரி துண்டு போட்டா வேற இடத்துல உடையுது. இப்பத்தான் பார்த்தேன்." கைப்பேசியை நீட்டினாள்.

சுத்தியல் அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கல்லைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்ப தெரியும் உனக்கு?"

"காலையில சந்தேகம். இப்ப நிச்சயம்."

"காலையில சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். கல்லை மட்டும் வச்சுப் பேசியிருப்பேன். உன் படத்தைத் தூக்கி நடுவுல வச்சேனேடி."

"தப்புதான்."

"சரி, இப்ப கேளு." சுத்தியல் குரலைத் தாழ்த்தினாள். "உன் படம் தப்பு. என் கல்லு தப்பில்லையே. கிழக்க ஏதோ இருக்கு, அது எனக்குத் தெரியும். கப்பல் போகட்டும். துளை போட்டா உண்மை தானா வெளிய வரும். உன் தப்பை அடுத்த மாசம் சொல்லு, நானும் கூட நின்னு சொல்றேன். இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு உள்ள வந்து உக்காரு."

"அவர் உறுதியான்னு கேட்டாரு."

"உறுதின்னு சொல்லாத. நம்பிக்கை இருக்குன்னு சொல்லு. நம்பிக்கை இருக்குல்ல?"

"இல்ல."

"எனக்கு இருக்கு. அதைச் சொல்லு."

டீச்சருக்கு அது கேட்பதற்கு இதமாக இருந்தது. பயமாக இருந்ததே அதனால்தான். இவள் சொல்வதில் தப்பு எங்கே என்று சட்டென்று எடுத்துக் காட்ட வரவில்லை. கற்கள் உண்மையாகவே இருக்கலாம். துளை போட்டால் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லை, பட்டம் கிடைக்கும், வீட்டில் அந்த மனுஷன் பாத்திரம் கழுவியதற்கு ஒரு பதில் இருக்கும். ஆனால் தழும்புக்காகக் காத்திருக்கும் அந்த இன்னொரு குழு இருக்கிறதே. அவர்கள் முகம்கூட அவளுக்குத் தெரியாது. அவர்களும் எங்கேயோ ஒரு தாழ்வாரத்தில் நிற்பார்கள்.

"நான் போய் சொல்லப்போறேன்" என்றாள்.

"நான் உன்னைக் கெஞ்சறேன் டீச்சர். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்ல. அடுத்த வரிசை வர்றதுக்குள்ள முட்டி தேஞ்சு மலையேற முடியாமப் போயிடும் எனக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

டீச்சர் கைப்பேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் வராது என்று தெரியும்.

"சார், நீங்க கேட்டதுக்குப் பதில். இந்தப் படத்தை நம்பி அனுப்ப வேண்டாம். ரெண்டு தரம் ஓட்டியிருக்கோம், ரெண்டு தரமும் நாங்க வெட்டின ஓரத்துலதான் உடைஞ்சிருக்கு. பாறை காரணமில்ல, எங்க வெட்டுதான் காரணம். கணக்குல ஒரு விஷயத்தைப் பக்கத்துத் துண்டுக்குச் சொல்லாம விட்டுட்டோம்."

கப்பல்காரர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"புது ஓட்டம்தான் தப்பா இருக்கலாமே?" என்றார் பெரியவர், கட்டத்தைப் பார்த்து. கேள்வி இல்லை அது; கயிறு வீசிப் பார்த்தார்.

கட்டம் பிடித்துக்கொண்டிருக்கலாம். "ரெண்டும் தப்பு சார்" என்றான். "என் தப்பு. சரிபண்ணித் திரும்ப ஓட்ட மூணு வாரமாவது ஆகும். எங்க உடையும்னு இப்ப சொல்லத் தெரியல."

"மூணு வாரம் என்கிட்ட இல்லையே" என்றார் கப்பல்காரர். குறிப்புப் புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. எழுந்து டீச்சரின் கையைக் குலுக்கினார், துக்க வீட்டில் குலுக்குவதுபோல. சுத்தியலிடம், "கல்லெல்லாம் நல்லா இருந்துச்சும்மா. அடுத்த தடவை பாக்கலாம்" என்றார். சுத்தியல் கற்களைப் பைக்குள் போட்டாள். மெதுவாக வைக்கவில்லை. அவை ஒன்றோடொன்று மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவர் வெளியே போனார்.

பெரியவர் டீச்சரை மட்டும் நிறுத்திவைத்தார்.

"இந்தப் படத்தை வச்சு நாம அச்சுக்கு அனுப்பின கட்டுரையைத் திரும்பக் கேட்டு இன்னிக்கே எழுதிடறேன். நீங்க செஞ்சது சரி. சரியில்லன்னு யாரும் சொல்லமுடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா உங்க காலம் இந்த வருஷத்தோட முடியுது. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு முடிக்க நேரமில்ல. பள்ளிக்கூடத்துல திரும்பச் சேர்த்துப்பாங்களா?"

"கேட்டுப்பாக்கணும் சார்."

"கேளுங்க" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. வேறெதுவும்கூட இல்லை.

டீச்சரும் சுத்தியலும் நாலு வருஷமாக ஒரே அறை. ஒரு பாதி டீச்சரின் திரை. மறு பாதி தரையிலிருந்து கூரைவரை கற்கள், பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. டீச்சர் போனபோது சுத்தியல் அலமாரியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். பை அவிழ்க்காமல் கிடந்தது.

"சுத்தி."

சுத்தியல் ஒரு கல்லின் சீட்டை நேராக்கினாள்.

"நீ கத்திடேன். திட்டு. வாங்கிக்கறேன்."

"உனக்கு அது சௌகரியமா இருக்கும்" என்றாள் சுத்தியல். "நான் திட்டுவேன், நீ அழுவ, அப்புறம் ரெண்டு பேரும் டீ குடிக்கப் போகலாம்னு பாக்கறியா? நீ சொன்னது சரிதான் டீச்சர். சரியா இருக்கறதாலதான் என்னால உன்னைத் திட்டக்கூட முடியல. காலையில சொல்லாம இருந்தியே, அதுக்கு மட்டும் திட்டலாம். அது எனக்குப் பத்தாது."

"நான் என்ன செய்யணும் சொல்லு."

"உன் பையை எடுத்துக்க."

டீச்சர் நாற்காலியிலிருந்து பையை எடுத்தாள். திரையை அணைக்கலாமா என்று நினைத்தாள், அணைக்கவில்லை. அதில் அந்த நாற்பத்தெட்டு துண்டு நிலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. உடைந்த நிலத்தின் நடுவே கடல் அகலமாகிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு வரட்டுமா?"

"நான் இல்லாத நேரமாப் பார்த்து வந்து உன் சாமானை எடுத்துக்கோ. கட்டத்துகிட்ட சாவி குடுத்து வைக்கறேன்."

டீச்சர் தாழ்வாரத்துக்கு வந்தாள். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுத்தியல் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி ஒரு சுற்றுச் சுற்றியது, அது போதாதென்று இன்னொரு சுற்று.